எல்லை ஊரின் வலைப்பதிவர்

வலைப்பதிவு என்பது ஒருவர் தம் பொறுப்பில், தேதியிட்டு, தொடர்ந்து எழுதிவரும் இணைய எழுத்து. ஒரு பத்திரிகை அலுவலகத்தில் நிருபர், உதவி ஆசிரியர், மெய்ப்புப் பார்ப்பவர், விற்பனைப் பிரிவினர் என்று பலர் பகிர்ந்துகொள்ளும் வேலை முழுவதும் இங்கே ஒரே ஆளின் தலையில் விழுகிறது. எழுத்து நன்றாக இருந்தும் வாசகர் வந்து சேராத வலைப்பதிவுகள் பல உண்டு. வாசகர் வந்தும் இரண்டே ஆண்டில் நின்றுபோனவை அவற்றைவிட அதிகம். நீடித்து வளர்ந்தவற்றைப் பார்த்தால் ஒரு செய்தி தெளிவாகிறது. வேறு எங்கும் கிடைக்காத ஒன்றை, நம்பத்தக்க விதத்தில், விடாமல் தருகிற பதிவரைத் தேடித்தான் வாசகர் திரும்பி வருகிறார். மற்ற உத்திகள் எல்லாம் இதற்குத் துணை.

தமிழில் வலைப்பதிவு 2003-ஆம் ஆண்டில் தொடங்கியது. பைரா லேப்ஸ் நிறுவனம் 1999-இல் தொடங்கிய பிளாகர் சேவையைக் கூகுள் 2003 பிப்ரவரியில் வாங்கியது. வேர்ட்பிரஸ் வெளிவந்ததும் அதே ஆண்டில்தான். அதுவரை தமிழில் இணையப் பக்கம் நடத்துவதே பெரும் பாடு. எழுதியவரின் எழுத்துரு படிப்பவரின் கணினியில் இல்லையென்றால் திரையில் குப்பைதான் தெரியும். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாடு விசைப்பலகையையும் குறியேற்றத்தையும் ஒழுங்குபடுத்த முயன்றது. ஒருங்குறி பரவிய பிறகுதான் எந்த ஊரில் எழுதினாலும் எந்த ஊரிலும் படிக்கலாம் என்ற நிலை வந்தது. முரசு அஞ்சல், அழகி, இ-கலப்பை போன்ற தட்டச்சு மென்பொருள்கள் வழியை இன்னும் எளிதாக்கின.

2004-இல் காசி ஆறுமுகம் தமிழ்மணம் என்ற திரட்டியைத் தொடங்கினார். சிங்கப்பூரிலிருந்தும் கனடாவிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் கோவையிலிருந்தும் எழுதப்பட்ட பதிவுகள் ஒரே பக்கத்தில் வரிசையாக வந்தன. வாரம் ஒருவரை நட்சத்திரப் பதிவராக முன்னிறுத்தும் வழக்கமும் அங்கே இருந்தது. புதிதாக எழுத வந்தவருக்கு முதல் நாளே சில நூறு கண்கள் கிடைத்தன. பத்திரிகை ஆசிரியரின் தயவை எதிர்பார்க்காமல் எழுத்துக்கு வந்த ஒரு தலைமுறையையே உருவாக்கிய பெருமை இந்தத் திரட்டிக்கு உண்டு.

அந்த வளர்ச்சிக்குள்ளேயே ஒரு பலவீனமும் இருந்தது. திரட்டியின் வாசகர்களில் பெரும்பாலோர் தாமும் பதிவர்கள். ஒருவர் எழுத, மற்றவர் பின்னூட்டம் இட, அவர் பதிலுக்கு இங்கே வந்து இடுவது என்ற வட்டத்துக்குள்ளேயே பல பதிவுகள் சுழன்றன. அன்றைய சண்டைக்கு எழுதப்பட்டது மறுநாள் யாருக்கும் தேவைப்படவில்லை. ஃபேஸ்புக் வந்தவுடன் அந்த உரையாடல் அங்கே இடம்பெயர்ந்தது. எழுதியவர்களும் கூடவே போனார்கள். பதிவுகளை ஓடை வழியாகப் படிக்க உதவிய கூகுள் ரீடர் 2013 ஜூலை 1-இல் மூடப்பட்டது. அதோடு எஞ்சியிருந்த வாசகர்களில் பலரும் கைவிட்டுப் போனார்கள். அந்தக் காலத்தில் தொடங்கியவர்களில் நிலைத்தவர்கள், திரட்டிக்கு வெளியேயும் வாசகரைச் சேர்த்துக்கொண்டவர்கள். கிரிக்கின்ஃபோவின் இணை நிறுவனரும் கிழக்கு பதிப்பகத்தைத் தொடங்கியவருமான பத்ரி சேஷாத்ரி பதிப்பு, கல்வி, அரசியல், அறிவியல் என்று தம் அன்றாட அக்கறைகளையே பல ஆண்டு எழுதினார். கேபிள் சங்கர் திரைப்பட விமர்சனங்களோடு, ‘சாப்பாட்டுக் கடை’ என்ற பெயரில் உணவகங்களைப் பற்றித் தொடராக எழுதினார். பின்னர் 2015-இல் ‘தொட்டால் தொடரும்’ படத்தை இயக்கினார். ஒரு நிலையான தலைப்பின் கீழ் தொடர்ந்து எழுதினால் வாசகர் அந்தத் தலைப்புக்காகவே வருவார் என்பதற்கு அந்தத் தொடர் நல்ல சான்று.

தமிழில் ஓர் எழுத்தாளர் தம் இணையதளத்தையே மையமாகக் கொண்டு வாசகர் கூட்டத்தை உருவாக்கியதற்கு ஜெயமோகனைவிடப் பெரிய எடுத்துக்காட்டு இல்லை. 1962-இல் பிறந்த இவர், காசர்கோட்டில் தொலைபேசித் துறையில் வேலை பார்த்தவர். தமிழிலும் மலையாளத்திலும் எழுதுகிறவர். 2011-இல் ‘அறம்’ வரிசைக் கதைகள் அவருடைய தளத்தில் வெளிவந்தன. அவற்றில் ஒன்றான ‘யானை டாக்டர்’, பாலக்காடு மாவட்ட எல்லை ஊரான மீனாட்சிபுரத்துக்குத் தெற்கே ஆனைமலையில் உள்ள டாப்சிலிப்பைக் களமாகக் கொண்டது. வனத்துறைக் கால்நடை மருத்துவர் வி. கிருஷ்ணமூர்த்தியின் வாழ்க்கையிலிருந்து பிறந்தது. அச்சு இதழ் எதிலும் வராமல் நேராகத் தளத்தில் வந்த அந்தக் கதை, ஒருவர் மற்றொருவருக்கு அனுப்பி, கல்லூரிகளிலும் பள்ளிகளிலும் படிக்கப்படும் அளவுக்குப் பரவியது. 2014 ஜனவரியில் மகாபாரதத்தை நாவலாக எழுதத் தொடங்கி, நாள்தோறும் ஓர் அத்தியாயம் என்று தளத்தில் வெளியிட்டு, 2020-இல் 26 நாவல்களாக ‘வெண்முரசு’ வரிசையை முடித்தார். நாள்தோறும் வரும் என்ற உறுதி வாசகரின் காலைப் பழக்கத்தில் அவருக்கு ஓர் இடத்தைப் பெற்றுத் தந்தது.

இந்தப் பழக்கத்தின் பலம் தமிழுக்குப் புதியதல்ல. கல்கி வார இதழில் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை வாரம் தவறாமல் வந்தது. கணையாழியில் சுஜாதா எழுதிய கடைசிப் பக்கத்தைப் படிப்பதற்காகவே இதழைப் பின்னாலிருந்து புரட்டியவர்கள் இருந்தார்கள். நாள், இடம், குரல் ஆகிய மூன்றும் மாறாமல் இருந்தால் வாசகரின் நேரத்தில் ஒரு பங்கு அந்த எழுத்துக்கு ஒதுங்கிவிடுகிறது. புதிய பதிவர் நாள்தோறும் எழுத வேண்டியதில்லை. வாரம் ஒன்று போதும். அந்த ஒன்று குறித்த கிழமையில் வர வேண்டும். முதல் மாதம் பன்னிரண்டு பதிவு, இரண்டாம் மாதம் மூன்று, பிறகு மௌனம் என்பதே நின்றுபோன தளங்களின் பொது வரலாறு. அதனால் தொடங்குவதற்கு முன்பே ஐந்தாறு பதிவுகளை எழுதி இருப்பில் வைத்துக்கொள்வது நல்லது. உடல்நலம் கெட்ட வாரத்திலும் வீட்டில் விசேஷம் வந்த வாரத்திலும் அந்த இருப்பு கைகொடுக்கும்.

எதை எழுதுவது என்பதுதான் அடுத்த கேள்வி. தொழில்முறைப் பதிவரின் எதிர்காலத்தைத் தீர்மானிப்பதும் இதுவே. சினிமா, அரசியல், செல்பேசி மதிப்புரை ஆகியவற்றைச் சென்னையிலிருந்து ஆயிரம் பேர் எழுதுகிறார்கள். கேரள எல்லைப் பக்கம் மீனாட்சிபுரத்திலோ கொழிஞ்சாம்பாறையிலோ மூணாறிலோ இருந்துகொண்டு அதையே எழுதுகிறவர் ஆயிரத்தோராவது ஆளாகத்தான் இருப்பார். அதே ஆள் தம் வட்டாரத்தை எழுதத் தொடங்கினால் முதல் ஆளாக இருப்பார். 1956 நவம்பர் 1-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, பழைய கொச்சி அரசின் பகுதியாக இருந்த சித்தூர் தாலுகாவும், திருவிதாங்கூரின் பகுதியாக இருந்த தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் அமைந்தன. அங்கு வாழும் தமிழரின் அன்றாடம் தமிழ்நாட்டு நாளிதழ்களுக்கு அடுத்த மாநிலச் செய்தி. மலையாள நாளிதழ்களைப் படிக்க இவர்களில் எல்லாருக்கும் எழுத்துத் தெரிவதில்லை. இரண்டுக்கும் நடுவில் விடுபட்டுப்போன இந்த நிலம் ஒரு பதிவருக்கு வாய்த்த பெரும் வாய்ப்பு.

இங்கே எழுதப்படக் காத்திருக்கும் பொருள்களுக்குக் குறைவில்லை. கேரளத்தின் பல மாவட்டக் கள்ளுக்கடைகளுக்குக் கள் போவது சித்தூர்த் தோப்புகளிலிருந்து. முதலமடையின் மாம்பழம் நாட்டின் பிற பகுதி மாம்பழங்களுக்கு முன்பே சந்தைக்கு வந்துவிடுகிறது. மீனாட்சிபுரத்தில் கேரளப் பால்வளத் துறையின் பரிசோதனைச் சாவடி இருக்கிறது. எல்லை தாண்டி வரும் டேங்கர் பாலில் கலப்படம் உண்டா என்று அங்கே பார்க்கிறார்கள், ஓணக் காலத்தில் சோதனை கூடுகிறது. பொள்ளாச்சி–பாலக்காடு மீட்டர்கேஜ் பாதை 2008-இல் மூடப்பட்டு, அகலப்பாதையாகி 2015-இல் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் மீனாட்சிபுரம் நிலையத்தை நம்பியிருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பது தனிக் கதை. இடுக்கிப் பக்கம் போனால் புற்றடியில் நடக்கும் ஏலக்காய் ஏலம், போடிநாயக்கனூர் வியாபாரிகளோடு அதற்குள்ள தொடர்பு, 2015 செப்டம்பரில் மூணாறுத் தேயிலைத் தோட்டப் பெண்கள் போனசுக்காக நடத்திய பெம்பிளை ஒருமைப் போராட்டம், 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடி தோட்டத் தொழிலாளர் லயன்கள் மீது மலை சரிந்து 70 உயிர் போனது. இவை ஒவ்வொன்றும் நாளிதழில் சில நாள் வந்து மறைந்தவை. அவற்றின் முன்னும் பின்னும் தமிழில் ஒரே இடத்தில் கிடைக்கும்படி எழுதி வைப்பவர் இன்றைய வாசகருக்கும் நாளைய ஆய்வாளருக்கும் ஒருசேரத் தேவைப்படுவார்.

ஒரு பொருள் பதிவாக மாறுவதை அருகிலிருந்து பார்க்கலாம். ‘நமது நீர் உரிமை’ என்று ஒருவர் தலைப்பிட்டு, தமிழ்நாடு தண்ணீர் விடுவதில்லை என்று நான்கு பத்தி கோபமாக எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். ஏற்கெனவே அந்தக் கருத்துள்ளவர்கள் தலையாட்டுவார்கள். மற்றவர் படிக்க மாட்டார்கள். அதே பொருளைத் தேர்ச்சியுள்ள பதிவர் வேறு விதமாக எடுப்பார். பரம்பிக்குளம்–ஆழியாறு திட்ட ஒப்பந்தம் 1970 மே மாதத்தில் கையெழுத்தானது. 1958 நவம்பரிலிருந்து முன்தேதியிட்டு நடைமுறைக்கு வந்தது. அதன்படி மணக்கடவு அணைக்கட்டில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் சித்தூர்ப்புழைப் பாசனத்துக்குக் கிடைக்க வேண்டும். ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. ஆக 725 கோடி கன அடி. கணக்கு ஆண்டு ஜூலை 1-இல் தொடங்கி அடுத்த ஜூன் 30-இல் முடிகிறது.

இவ்வளவும் முதல் மூன்று பத்தியில் வந்துவிட வேண்டும். அதன் பிறகுதான் பதிவரின் சொந்த வேலை ஆரம்பமாகிறது: மூலத்தரையில் இந்த வாரம் தண்ணீர் எந்தக் கால்வாயில் போகிறது, நெல் நடவு எந்த நிலையில் இருக்கிறது, தென்னைக்கு மாறியவர் ஏன் மாறினார், நீர்வளத் துறை அலுவலர் என்ன சொல்கிறார், எதிர்ப்புறத்தில் ஆழியாற்றுப் பாசன விவசாயி என்ன சொல்கிறார். கடைசிக் கேள்வியை விட்டுவிடுகிறவர்கள் அதிகம். எல்லையில் இருக்கும் பதிவருக்கு இரு கரையும் பேருந்து தூரம்தான். இரண்டு தரப்பையும் கேட்டு எழுதும் வாய்ப்பு திருவனந்தபுரத்தில் இருப்பவருக்கோ சென்னையில் இருப்பவருக்கோ இவ்வளவு எளிதாக அமையாது. அப்படி எழுதிய பதிவை விவசாயி படிப்பார், அதிகாரி படிப்பார், தேர்வுக்குப் படிக்கும் மாணவரும் படிப்பார். அடுத்த ஆண்டு பிரச்சினை எழும்போது நிருபர் ஒருவர் அதைத் தேடி வருவார்.

நடை குறித்து நீண்ட அறிவுரை தேவையில்லை. வாசகர் செல்பேசியில், பேருந்தில், ஒரு கையால் படிக்கிறார். பத்தி குறுகியிருக்க வேண்டும். முதல் பத்தியிலேயே செய்தி வந்துவிட வேண்டும். எல்லை வட்டாரத்துக்கென்று ஒரு தனிக் கவனம் மட்டும் உண்டு. இங்குள்ளவர் பேச்சில் அட்சய மையம், வில்லேஜ் ஆபீஸ், குடும்பஸ்ரீ என்று இயல்பாக வந்துபோகும். பொள்ளாச்சி வாசகருக்கு அட்சய மையம் என்றால் இ-சேவை மையம் போன்றது என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போனால் போதும். அந்தச் சொற்களைத் துடைத்தெறிந்துவிட்டு மேடைத் தமிழில் எழுதினால் ஊர்க்காரருக்கே ஊர் அடையாளம் தெரியாது.

எழுதியதை வாசகரிடம் சேர்ப்பதில் இன்று முதல் வழி தேடுபொறி. இதில் தமிழ்ப் பதிவர்கள் இழப்பது மிக அதிகம். இழக்கிறோம் என்பதே பலருக்குத் தெரிவதில்லை. மீனாட்சிபுரம் என்று மட்டும் தேடினால், 1981-இல் மதமாற்றச் செய்தியால் நாடறிந்த தென்காசிப் பக்கத்து மீனாட்சிபுரம் முன்னால் வந்து நிற்கும்; தமிழ்நாட்டில் அதே பெயரில் வேறு ஊர்களும் உண்டு. சித்தூர் என்றால் ஆந்திரச் சித்தூர் வரும். ஆகவே தலைப்பிலோ முதல் பத்தியிலோ ‘பாலக்காடு மாவட்டம்’ என்பது இருந்தே ஆக வேண்டும். தமிழில் பெயர்கள் வேற்றுமை உருபு ஏற்கும்போது உருமாறுகின்றன. பதிவு முழுவதும் ‘மூணாற்றில்’, ‘மூணாற்றுக்கு’ என்றே வந்தால், ‘மூணாறு’ என்று தேடுகிறவருக்கு அது பின்னால் தள்ளப்படலாம். தலைப்பில் பெயர் உருபு சேராமல் வரட்டும். ‘மூணார்’ என்றும் சிலர் எழுதுவதால் உள்ளே ஓரிடத்தில் அந்த வடிவமும் இடம்பெறலாம். ‘மறக்க முடியாத ஒரு பயணம்’ போன்ற தலைப்பைத் தேடி ஒருவரும் வர மாட்டார். ‘பெட்டிமுடி நிலச்சரிவு 2020: தப்பியவர்கள் இன்று எங்கே’ என்பதைத் தேடி வருவார்கள்.

பதிவின் இணைய முகவரியிலும் இதே கவனம் வேண்டும். ஒருங்குறித் தமிழ் எழுத்து முகவரியில் அப்படியே போவதில்லை. ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட்டுகளாகி, ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு மூன்று எழுத்தாக விரிகிறது. ‘மீனாட்சிபுரம்’ என்ற சொல்லில் 13 குறியீடுகள். வெட்டி ஒட்டும்போது அது 117 எழுத்து நீளமுள்ள, யாருக்கும் புரியாத சரமாக நீள்கிறது. வாட்ஸாப்பில் அதைப் பார்க்கிறவர் மோசடி இணைப்போ என்று அஞ்சித் தொடாமல் விடுவார். பிளாகரிலோ தமிழ்த் தலைப்பு முகவரிக்குள் வருவதே இல்லை. எல்லாப் பதிவுக்கும் பொதுவான ஒரு பெயரும் எண்ணும் விழுகின்றன. இரண்டு சிக்கலுக்கும் தீர்வு ஒன்றே: வெளியிடும் முன் முகவரியை ரோமன் எழுத்தில், மூன்று நான்கு சொல்லில், கையால் அமைப்பது. ஒரு நிமிட வேலை. வெளியிட்ட பிறகு அதை மாற்றக் கூடாது. மாற்றினால் பிறர் கொடுத்த இணைப்புகள் அறுந்துபோகும்.

பழைய பதிவுகளும் வளர்ச்சிக்கு உதவும் சொத்து. நீலக்குறிஞ்சி 2006-இல் பூத்தது, 2018-இல் பூத்தது, அடுத்தது 2030. இரவிகுளம் குறிஞ்சியைப் பற்றி நன்றாக எழுதிய ஒரு பதிவு அந்த ஆண்டில் ஆயிரக்கணக்கானோரை அழைத்துவரும். முதலமடை மாம்பழம் ஆண்டுதோறும் தை மாசியில் தேடப்படும். 1924 ஜூலை வெள்ளம் மூணாறையும் குண்டளை ரயில் பாதையையும் அழித்ததைப் பற்றிய பதிவை, ஒவ்வொரு பெருமழையின் போதும் மக்கள் தேடுவார்கள். இத்தகைய பதிவுகளைப் பருவம் வருவதற்கு ஒரு மாதம் முன்பே எடுத்து, புதுத் தகவல் சேர்த்து, திருத்திய தேதியைக் குறிப்பிட்டு, தொடர்புள்ள மற்றப் பதிவுகளுக்கு இணைப்புக் கொடுத்து வைக்க வேண்டும். நூறு பதிவு எழுதியவர் நூற்றொன்றாவதை எழுதுவதைவிட, பழையதில் பத்தைச் செப்பனிடுவதால் பெறும் பயன் சில மாதங்களில் அதிகமாக இருக்கும்.

வாசகரைச் சேர்த்து வைத்துக்கொள்ள மின்னஞ்சல் பட்டியலும் சொந்த முகவரியும் அவசியம். வாட்ஸாப் குழுக்களும் ஃபேஸ்புக் பக்கமும் பதிவை அறிவிக்கும் பலகைகள். எழுத்து குடியிருக்கும் வீடு பதிவரின் பெயரில் பதிவான தளமாக இருக்க வேண்டும். இலவச முகவரியில் தொடங்கினாலும், ஆண்டுக்கட்டணம் கட்டிச் சொந்த டொமைன் வாங்கிப் பிளாகரோடோ வேர்ட்பிரஸோடோ இணைத்துக்கொள்ளலாம். பின்னாளில் சேவையை மாற்றினாலும் முகவரி மாறாது. பார்வை எண்ணிக்கை என்ற ஒற்றை எண்ணைப் பார்த்து மகிழ்வதும் சோர்வதும் வீண். ஒரு மாதத்தில் திரும்ப வந்தவர் எத்தனை பேர், எந்தத் தேடல் சொல்லால் வந்தார்கள், எந்தப் பதிவைக் கடைசிவரை படித்தார்கள் என்பவையே அடுத்து எழுத வேண்டியதைச் சொல்லும். வாசகர் கடிதத்துக்குப் பதில் எழுதுவதும், பிழையைச் சுட்டிக்காட்டியவருக்குப் பதிவிலேயே நன்றி சொல்லித் திருத்துவதும் எந்த விளம்பரமும் தராத நம்பிக்கையைத் தரும்.

வருமானம் பற்றித் தெளிவு வேண்டும். கூகுளின் ஆட்சென்ஸ் விளம்பரத் திட்டம் தமிழை ஏற்றது 2018 பிப்ரவரியில்தான். அதற்கு முன் பதினைந்து ஆண்டு தமிழ்ப் பதிவர்கள் பெரும்பாலும் கைக்காசு போட்டே எழுதினார்கள். இன்றும் ஒரு வட்டாரத் தளம் விளம்பரத்தை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துவது கடினம். எழுத்தால் கிடைக்கும் பெயரே மற்ற வருமானங்களுக்கு வாசல்: மலையாளம்–தமிழ் மொழிபெயர்ப்பு, பத்திரிகைக் கட்டுரைகள், ஆவணப்படக் குழுக்களுக்குக் கள உதவி, பதிவுகளைத் தொகுத்து நூலாக்குவது. அமேசான் கிண்டில் 2016 இறுதியில் தமிழ் மின்னூல்களை ஏற்கத் தொடங்கியதால், சொந்தமாக வெளியிடும் வழியும் திறந்தது. எல்லை வட்டாரத்தில் இரு மொழியும் அறிந்தவர்கள் ஏராளம். இரு மொழியிலும் நன்றாக எழுதுவோர் சிலரே. அந்தச் சிலருக்குச் சந்தையில் மதிப்பு உண்டு. முதல் இரண்டு ஆண்டை முதலீடாகக் கருதி, வேறொரு வேலையில் இருந்தபடியே எழுதுவதுதான் விவேகம்.

பணம் வரத் தொடங்கியதும் நேர்மை சோதனைக்கு உள்ளாகும். ஒரு ரிசார்ட் இலவசமாகத் தங்கவைத்தால் அதைப் பதிவின் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். இந்திய விளம்பரத் தர மன்றம் 2021-இல் வெளியிட்ட நெறிமுறைகளும் இதையே கேட்கின்றன. பிறர் எடுத்த படத்தை அனுமதியின்றி எடுத்துப் போடுவது 1957 பதிப்புரிமைச் சட்டத்தின்படி உரிமை மீறல். பெயரைக் கீழே போட்டுவிட்டால் சரி என்ற நம்பிக்கை தவறு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24-இல் செல்லாது என்று அறிவித்தது எழுதுவோருக்குப் பெரிய விடுதலை. ஆனாலும் அவதூறு இன்னும் குற்றமே. 2024 ஜூலை முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவில் உள்ளது. பாலியல் வன்முறைக்கு ஆளான குழந்தையின் பெயர், பள்ளி, வீடு, படம் எதையும் வெளியிடுவதை 2012 போக்சோ சட்டம் தடுக்கிறது. சிறிய ஊரில் பெயரை மறைத்து மற்றதைச் சொன்னாலும் அடையாளம் தெரிந்துவிடும். அங்கே சட்டத்தைவிடக் கூடுதல் கவனம் தேவை.

கடைசியாக, எழுதியது நிலைக்க வேண்டும். தொடக்க காலத் தமிழ்ப் பக்கங்கள் பல இருந்த ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபரில் மூடப்பட்டது. படி எடுத்து வைக்காதவர்களின் எழுத்து அதோடு போயிற்று. பதிவுகள் முழுவதையும் ஒரே கோப்பாக இறக்கிக்கொள்ளும் வசதி பிளாகரிலும் வேர்ட்பிரஸிலும் இருக்கிறது. மாதம் ஒருமுறை இறக்கி, ஒன்று கணினியிலும் ஒன்று தனி வட்டிலும் வைப்பது போதும். முக்கியமான பதிவுகளை இணைய ஆவணகத்தின் வேபேக் மெஷினில் சேமிக்கும்படி கொடுத்தால் தளம் நின்ற பிறகும் அங்கே படிக்கக் கிடைக்கும். படங்களுக்கு இடம், தேதி, எடுத்தவர் பெயர் எழுதி வைக்க வேண்டும். பெயரற்ற படத்தால் பின்னால் யாருக்கும் பயனில்லை.

இந்த வட்டாரத்தில் தளம் தொடங்க எண்ணுகிறவருக்கு முதல் பதிவுக்கான பொருள் கையருகே இருக்கிறது. மொழிச் சிறுபான்மைப் பகுதிகளில் வாழும் தமிழர் அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதவும் தமிழிலேயே பதில் பெறவும் 1969-ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடம் தருகிறது. அந்த மனுவை எந்த அலுவலகத்தில், எப்படி எழுதிக் கொடுப்பது, பதில் வராவிட்டால் அடுத்து எங்கே போவது என்பதை நாலு அலுவலகம் ஏறி இறங்கிக் கேட்டு, தெளிவான தமிழில், மாதிரி மனுவோடு எழுதட்டும். சித்தூரிலும் தேவிகுளத்திலும் அதைத் தேடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.